மன்னார்க் கரையிலிருந்து – 14: மிதிவெடியும் ஒரு சுபேதாரும்

கட்டுக்கரைக் குளத்தின் நீர் பாயும் வயல்களைப் பற்றிச் சென்ற வாரம் எழுதி நிறுத்திய இடத்திலிருந்தே தொடங்குகிறேன். யுத்தம் 2009இல் ஓய்ந்த பின்னரும் இப்பிரதேசத்து நிலங்களில் ஒரு பகுதி நெடுநாள் உழவர் கால்படாமலே கிடந்தது. விதை இறங்குமுன் அங்கே மிதிவெடி களையப்பட வேண்டியிருந்தது. சிவப்புத் தலைக் குச்சிகள் நட்ட எல்லைக்குள் முழந்தாளிட்டு, முகக்கவசத்தின் பின்னே வியர்வை வழிய, சாண் சாணாக மண்ணைத் துழாவிச் செல்லும் பெண்களை நான் கண்டிருக்கிறேன். யுத்தத்தில் கணவரை இழந்தவர்களும் அவர்களுள் உண்டு. அவர்களைக் காணும்போதெல்லாம், மண்ணுள் மறைந்த வெடியைத் தேடுவதையே கடமையாகக் கொண்டிருந்த வேறொரு தமிழரின் ஸ்மரணை எனக்கு எழுகிறது. சுபேதார் சுப்பிரமணியம் என்பது அவர் பெயர்.

காஞ்சிபுரத்துப் பக்கம் கீழொட்டிவாக்கம் அவருடைய கிராமம். தலைமன்னார் இறங்குதுறையில் கப்பலேறித் தனுஷ்கோடியில் போட் மெயிலைப் பிடித்த அக்காலத்துப் பிரயாணி மறுநாளே செங்கற்பட்டைக் கடந்துவிடுவானாகையால், அது நமக்கு அந்நியமான சீமையன்று. அவர் சேர்ந்த மதராஸ் சாப்பர்ஸ் படை 1780இல் தோன்றியது. அதன் வீரர்களைத் 'தம்பி' என்றழைப்பது இன்றளவும் வழக்கம். பாலம் கட்டுவதும், பாதை வெட்டுவதும், மற்றவர் நடக்குமுன் அந்நிலத்தில் தாம் நடந்து பார்ப்பதுமே வேலையாயிருந்த அப்படை, துப்பாக்கியைக் காட்டிலும் மண்வெட்டியை நம்பிய உழைப்பாளிகளின் படை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாம் உலக யுத்தத்தில் அவர் தம் படையோடு சென்றிருந்த இத்தாலியில், காசினோ மலைமீதிருந்த புராதன மடாலயம் 1944 பெப்ரவரி 15இல் விமானக் குண்டுகளால் தகர்ந்து ஒன்பது நாள் கழிந்திருந்தது. பெப்ரவரி 24ஆம் தேதி, அம்மலைக்குத் தெற்கே மின்யானோ என்னும் ஊருக்கருகில் மிதிவெடி விதைத்த நிலத்தில் சுப்பிரமணியமும் அவருடைய ஆட்களும் இறங்கியிருந்தபோது, உடன் வந்த வீரனொருவனின் காலடியில் வெடியொன்று விசை கொண்டது. வெடிப்பதற்குச் சில நொடிகளே இருந்தன. விலகி ஓடுவதற்கு அவை அவருக்குப் போதுமானவையாகவும் இருந்திருக்கலாம். அந்த க்ஷணத்தில் அவர் வெடியின்மீதே பாய்ந்து விழுந்து, அதன் முழு வேகத்தையும் தம் சரீரத்தில் ஏற்றுக்கொண்டு, சுற்றியிருந்தோரின் பிராணனைக் காத்துத் தாம் மாண்டார். அதற்காக அளிக்கப்பட்ட ஜார்ஜ் சிலுவை, பகைவருக்கு நேர்நின்று போரிட்டதற்கான விருதன்று. அந்த வகைத் துணிவல்லாத பிற வீரச் செயல்களுக்குப் பிரிட்டிஷ் அரசு வைத்திருந்த விருதுகளில் அதுவே தலையாயது. இந்த வேறுபாட்டை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

பதக்கம் அவர் மனைவியைச் சேர்ந்தது. கடல் கடந்து போன கணவன் திரும்புவான் என்று வாசலைப் பார்த்திருந்த கிராமத்துப் பெண்ணொருத்தியின் உள்ளங்கையில், சங்கிலியோ தாலியோ அல்லாத ஒரு வெள்ளித்துண்டை வைப்பது அவளுக்கு என்ன செய்யும்? பேசாலையிலும் அடம்பனிலும் எத்தனையோ வீடுகளில், பதக்கமும் இல்லாமல், சட்டமிட்ட ஒரு படத்தின்முன் அணையாத விளக்கொன்றோடு நாட்களைக் கடத்துகிற தாய்மாரும் மனைவிமாரும் இதற்கு விடை அறிவார்கள். கேட்க எனக்குத் துணிவு வந்ததில்லை.

மிதிவெடித் தடை உடன்படிக்கையில் 2017இல் இணைந்த இலங்கை, 2028க்குள் நிலமெல்லாம் தூய்மையாக்க வேண்டியிருக்கிறது. வெடியகற்றும் பெண்கள் வெயில் ஏறுமுன்பே வேலை தொடங்குகிறார்கள். முடிந்ததும் கவசத்தைக் கழற்றி, முகத்தைக் கழுவிக்கொண்டு, பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குச் சோறாக்கப் போகிறார்கள்.