கப்பில் உள்ள படத்தை அழிக்கலாமா?

பீங்கான் கப் இன்று பல வீடுகளில் இருக்கிறது. சில கப்புகள் கடையில் வாங்கியவை. சில கப்புகள் இலவசமாக வந்தவை. கம்பெனிகள் தங்கள் பெயரை அச்சிட்டுக் கொடுக்கின்றன. பிறந்த நாளுக்குப் போட்டோ அச்சிட்ட கப் வருகிறது. கப் நன்றாக இருக்கும். ஆனால் அதில் உள்ள பெயரோ படமோ நமக்குப் பிடிக்காமல் இருக்கும்.

தில்லியில் ஒரு பெண் டீக்கடை நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் 40 கப்புகள் மலிவாகக் கிடைக்கின்றன. எல்லாவற்றிலும் வேறொரு கம்பெனியின் பெயர் பெரிதாக இருக்கிறது. “பெயரை அழித்துவிட்டால் போதும்” என்று அவர் நினைக்கிறார். பக்கத்துக் கடைக்காரர் ஒரு யோசனை சொல்கிறார். “கழிவறை கழுவுகிற ஆசிட்டை ஊற்றுங்க அக்கா. எல்லாம் போய்விடும்.”

ஊற்றலாமா? கூடாது. ஏன் கூடாது? அந்தப் பெயர் கப்பில் எப்படி ஏறியது என்று தெரிந்தால் காரணம் புரியும்.

உத்தரப் பிரதேசத்தில் புலந்த்ஷகர் மாவட்டத்தில் குர்ஜா என்ற ஊர் இருக்கிறது. பீங்கான் பொருள்களுக்குப் பேர்போன ஊர். கப், தட்டு, ஊறுகாய் ஜாடி, பூச்சாடி எல்லாம் அங்கே செய்கிறார்கள். அங்கிருந்து நாடு முழுவதும் போகின்றன.

கப் செய்ய வெள்ளைக் களிமண் வேண்டும். அதோடு சில கற்களையும் பொடி செய்து கலக்கிறார்கள். கப்பை வார்த்துக் காயவைக்கிறார்கள். மேலே ஒரு கரைசலைப் பூசுகிறார்கள். பிறகு சூளையில் வைத்துச் சுடுகிறார்கள். சூளையின் சூடு 1200 டிகிரி அளவுக்குப் போகும். நம் வீட்டில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. அப்படியானால் சூளை எவ்வளவு சூடு என்று எண்ணிப் பாருங்கள்! அந்தச் சூட்டில் மேலே பூசிய கரைசல் உருகிக் கண்ணாடி ஆகிவிடுகிறது. கப் பளபளப்பது இந்தக் கண்ணாடிப் பூச்சினால்தான். தண்ணீர் உள்ளே ஊறாமல் இருப்பதும் இதனால்தான்.

படம் இந்தக் கண்ணாடிக்குக் கீழே இருக்கலாம். மேலேயும் இருக்கலாம்.

சில கப்புகளில் முதலில் படம் வரைகிறார்கள். அதன் மேல் கண்ணாடிப் பூச்சு வருகிறது. படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் போட்டோ மாதிரி. விரலால் தடவினால் வழுவழுவென்று இருக்கும். மேடு பள்ளம் தெரியாது. இந்தப் படம் போகாது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கண்ணாடியை உடைத்தால்தான் படத்தைத் தொட முடியும். இங்கே முயற்சி செய்வதே வீண்.

பெரும்பாலான விளம்பரக் கப்புகள் வேறு வகை. முதலில் வெள்ளைக் கப்பைச் சுட்டு முடிக்கிறார்கள். பெயரும் படமும் ஒரு தாளில் அச்சாகி வருகின்றன. தாளைத் தண்ணீரில் ஊறவைத்தால் படம் மட்டும் மெல்லிய தோல் போல வழுக்கிக்கொண்டு வரும். அதைக் கப்பின் மேல் ஒட்டி, காற்றுக்குமிழி இல்லாமல் நீவுகிறார்கள். பிறகு மறுபடி சூளை. இந்த முறை சூடு சுமார் 800 டிகிரி. தோல் எரிந்து போகும். வண்ணம் உருகிக் கண்ணாடியின் மேல் பிடித்துக்கொள்ளும். இந்தக் கப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். படத்தின் ஓரம் லேசாக மேடாகத் தெரியும். விரலிலும் தட்டுப்படும்.

போட்டோக் கப் முற்றிலும் வேறு. அதன் வெளிப்புறத்தில் பிளாஸ்டிக் போன்ற ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். சுமார் 180 முதல் 200 டிகிரி சூட்டில் போட்டோவை அழுத்தினால் சாயம் அந்தப் பூச்சுக்குள் இறங்கிவிடும். போட்டோ போக வேண்டுமானால் பூச்சே போக வேண்டும். பெயின்ட் உரிக்கும் மருந்து போட்டால் போகலாம். ஆனால் அந்த மருந்தின் ஆவி கெட்டது. வீட்டுக்குள் அதைத் திறக்கவே கூடாது. ஒரு கப்புக்காக இவ்வளவு ஆபத்து வேண்டாம்.

சரி, வீட்டில் அழிக்கக் கூடியவை எவை?

சூளைக்குப் போகாதவற்றை அழிக்கலாம். ஒட்டிய சீட்டு, அதன் பசை, மார்க்கர் பேனாவால் எழுதிய எழுத்து, சுடாமல் அடித்த மை ஆகியவை போகும். சீட்டுப் பசைக்குச் சுடுதண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைக்கலாம். பிறகு தேங்காய் எண்ணெய் தடவித் துடைக்கலாம். மைக்கு நகப்பூச்சை அழிக்கும் திரவம் உதவும். அதைப் பஞ்சில் நனைத்து எழுத்தின் மேல் 5 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு துடைக்க வேண்டும். இந்தத் திரவம் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு எரியும்போது பக்கத்தில் வைக்கக் கூடாது. பீடி, ஊதுவத்தி, விளக்கும் கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும். வேலை முடிந்ததும் கப்பைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும்.

10 நிமிடம் வைத்தும் பஞ்சில் வண்ணம் ஏறவில்லையா? அது சூளையில் சுட்ட படமாக இருக்கலாம். அதோடு நிறுத்திவிடுவது நல்லது.

தங்கக் கோடு போட்ட கப்புகள் உண்டு. அந்தக் கோடு மிக மெல்லியது. சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் துணியால் பொறுமையாகத் தேய்த்தால் பல கப்புகளில் மங்கிப் போகும். கை வலிக்கும், அவ்வளவுதான்.

இப்போது ஆசிட்டுக்கு வருவோம். கழிவறை கழுவும் ஆசிட் நல்ல கண்ணாடிப் பூச்சை எளிதில் கரைக்காது. ஆனால் கண்ணாடிக்கு மேலே சுட்ட சில வண்ணங்களைத் தின்னும். அதனால்தான் சிலர் “ஆசிட் ஊற்றினால் போகும்” என்கிறார்கள். போகிற வண்ணம் எங்கே போகிறது? கரைந்து ஆசிட்டில் இறங்குகிறது. அந்த வண்ணத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

வண்ணம் குறைந்த சூட்டில் உருக வேண்டும். அதற்காகப் பல காலமாக ஈயம் சேர்த்து வந்தார்கள். ஈயம் சேராத வண்ணங்களும் இப்போது இருக்கின்றன. ஆனால் கப்பைப் பார்த்து எது எது என்று கண்ணால் சொல்ல முடியாது. சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு வண்ணங்களில் காட்மியம் என்ற உலோகமும் இருப்பதுண்டு. இரண்டும் உடம்புக்குக் கெடுதல். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்த அளவு வரை ஈயத்தால் கெடுதல் இல்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கிடையாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து.

சோதனைச் சாலையில் கப்பை எப்படிச் சோதிக்கிறார்கள் தெரியுமா? 4 சதவீத வினிகர் அமிலத்தை ஊற்றி 24 மணி நேரம் வைக்கிறார்கள். பிறகு அதில் எவ்வளவு ஈயம் இறங்கியது என்று பார்க்கிறார்கள். வினிகர் புளிப்புத்தானே? எலுமிச்சம் பழச் சாறு புளிப்பு. மோர் புளிப்பு. புளித்த பண்டம் எல்லாமே மெதுவாக ஆசிட்டின் வேலையைச் செய்யும். ஆகவே உட்புறம் படம் போட்ட கப்பில் எலுமிச்சைச் சாறோ ஊறுகாயோ வைக்க வேண்டாம். வாய் வைக்கும் இடத்தில் படம் இருந்தாலும் கவனம் தேவை. விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டர் வரை உள்ள பகுதியைச் சோதனைச் சாலைகளில் தனியாகவே சோதிக்கிறார்கள்.

தினமும் கழுவும்போதே உட்புறப் படமோ விளிம்புப் படமோ மங்குகிறதா? அந்தக் கப்பில் குடிப்பதை நிறுத்திவிட வேண்டும்.

ஆசிட் கையில் பட்டால் புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வை போகலாம். பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆசிட்டோடு பிளீச்சிங் கரைசலைச் சேர்த்தால் குளோரின் வாயு வரும். அது மூச்சை அடைக்கும்.

இதைவிடக் கொடியது ஹைட்ரோபுளோரிக் அமிலம். துரு நீக்கும் மருந்துகள் சிலவற்றில் இது உண்டு. இது கண்ணாடியையே அரிக்கும். தோலில் பட்டதும் எரியாமல்கூட இருக்கும். அதனால் ஆள் சும்மா இருந்துவிடுவார். அது உள்ளே இறங்கி எலும்பு வரை போகும். இதயத்தையும் பாதிக்கும். கண்ணாடியை அரிக்கும் மருந்து எதுவும் வீட்டுக்குள் வர வேண்டாம்.

உப்புத்தாளால் தேய்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். தேய்த்தால் வண்ணம் தூளாகும். தூள் காற்றில் பறந்து மூக்கில் போகும். தரையில் விழும். தவழும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகும். படத்தோடு கண்ணாடியின் பளபளப்பும் போய்விடும். கீறிய இடத்தில் டீக்கறை பிடிக்கும்.

அந்த டீக்கடைப் பெண் என்ன செய்யலாம்? வாங்கும் முன் சந்தையிலேயே ஒரு கப்பைக் கையில் எடுக்கட்டும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கட்டும். படத்தை விரலால் தடவட்டும். சுட்ட படம் என்றால் பெயர் போகாது என்று அங்கேயே தெரிந்துவிடும். பெயர் வெளிப்புறத்தில், விளிம்பை விட்டுக் கீழே இருக்கிறதா? வண்ணமும் உறுதியாக இருக்கிறதா? அப்படியானால் கம்பெனிப் பெயருடனேயே டீ கொடுக்கலாம். டீ குடிக்க வருகிறவர் பெயரைப் படிக்க வருவதில்லை. பெயர் வேண்டவே வேண்டாம் என்றால் 40 கப்புக்குப் பதிலாக 20 வெள்ளைக் கப் வாங்கலாம்.

ஏற்கெனவே ஆசிட்டில் போட்ட கப், தேய்த்துக் கீறிய கப் வீட்டில் இருந்தால் குடிக்க எடுக்க வேண்டாம். பேனா, சீப்பு போட்டு வைக்கலாம். பூச்செடியும் வைக்கலாம். கப்பின் அடியில் துளை இருக்காது. அதனால் தண்ணீரை அளவாக ஊற்ற வேண்டும்.