எதிர்காற்று இருக்க, பழைய புல்லட் ஏன் இருக்கைக்குக் கீழே காற்று இழுக்கிறது?

மாமல்லபுரம் தாண்டினால் கடற்காற்று முகத்தில் அறைகிறது. 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் பழைய புல்லட், அதை நேராக வாங்குவதில்லை. இருக்கைக்குக் கீழே, பக்கவாட்டுப் பெட்டி வழியாகவே இழுக்கிறது. ஏன்?

விறகடுப்பை எதிர்காற்றில் மூட்டுவீர்களா? பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்கும் அதே கதிதான். ஒரு கிராம் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 கிராம் காற்று வேண்டும். காற்று விட்டுவிட்டு வீசினால் கலவை குலையும். பெட்டிக்குள் காற்று அடங்கும். வடிகட்டி கடற்கரை மணலைத் தடுக்கும்.

பெட்டியை எஞ்சினை ஒட்டி வைத்தாலும் சிக்கல்தான். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, இழுவை குறையும்.

பெட்டியைக் கழற்றினால் சத்தம் கூடும், வேகமும் கூடியதுபோலத் தோன்றும். நம்பாதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை இளம்பழுப்பாக இருந்தால் நலம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, எஞ்சின் அளவுமீறிச் சூடாகிறது. மெக்கானிக்கிடம் சொல்லி, கார்புரேட்டரில் பெட்ரோலை விடும் ஜெட்டைப் பெரியதாக மாற்றுங்கள்; இல்லையேல் பெட்டியைத் திரும்பப் பூட்டுங்கள்.