வைக்கோலும் தவிடும்

காவிரிப் பாசனப் பகுதிகளில் தை மாதம் சம்பா அறுவடையானதும் வீட்டுக் கொல்லையில் வைக்கோற்போர் எழும்பிவிடும். போர் பெரிதாயிருப்பின் கோடைக்குத் தீனிக் கவலையில்லை என்று குடியானவர் நிம்மதியடைகிறார். ஆயினும் வைகாசிக்குள் அவ்வீட்டுப் பசுவின் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். வயிறு நிரம்பியிருக்க உடல் மெலிவானேன்?

நெல் வைக்கோலில் புரதச் சத்து 100க்கு 3 அல்லது 4 பங்கே உண்டு. மாட்டின் முதல் இரைப்பையில் வாழும், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களே வைக்கோலின் நாரைச் சிதைத்து உணவாக்கித் தருகின்றன. அவை பெருகி வேலை செய்வதற்குத் தீனியில் 100க்கு 7 பங்கு வரையிலாவது புரதம் வேண்டும். இல்லாவிடில் வைக்கோல் இரைப்பையிலேயே நெடுநேரம் தங்கிவிட, மாடு மேற்கொண்டு தின்னவும் மறுக்கும். ஆகவே தவிடு வைப்பது வைக்கோலுக்குப் பதிலாக அன்று. அவ்வைக்கோலே ஜீரணமாகும் பொருட்டாகும்.

நல்ல நெல் தவிட்டில் 100க்கு 12 முதல் 14 பங்கு புரதமும், ஏறக்குறைய அதே அளவு எண்ணெயும் உள்ளன. ஆனால் எல்லாத் தவிடும் நல்ல தவிடன்று. பழைய மாதிரி ஹல்லர் யந்திரத்தில் உமியும் தவிடும் ஒன்றாகவே அரைபட்டு வெளிவருகின்றன. உமியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அதிலும் பெரும்பகுதி மணலையொத்த சிலிக்கா. இதைத் தவிட்டு விலைக்கு வாங்குவது வீண் செலவேயாம். உமியை முன்னரே நீக்கிவிட்டு அரிசியைத் தீட்டும் ஆலைகளின் தவிடே வாங்கத்தக்கது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் நல்ல தவிடு மிருதுவாக ஒட்டும். உமி கலந்தது சொரசொரவென்று குத்தும்.

பச்சரிசித் தவிடு சில நாட்களிலேயே காறிப்போகும். அதிலுள்ள ஒரு நொதி எண்ணெயைச் சிதைப்பதே காரணம். நெல்லை அவிக்கும்போது அந்நொதி செயலற்றுப்போவதால் புழுங்கலரிசித் தவிடு அதிக நாள் தாங்கும். மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்காமல், அண்டை வீட்டார் நால்வர் கூடி வாரம் ஒரு மூட்டை புதிதாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்வது சிலாக்கியம்.

இனி அளவு. 6 கிலோ வைக்கோல் தின்னும் பசுவுக்கு அதிலிருந்து சுமார் 210 கிராம் புரதம் சேர்கிறது. ஒன்றரைக் கிலோ தவிட்டில் 195 கிராம். இரண்டையும் கூட்டினாலும் மொத்தத் தீனியில் 100க்கு ஐந்தரைப் பங்குக்கு எட்டவில்லை! தவிடு மட்டும் வைத்தும் பசு தேறவில்லை என்று குறைபடுவோர் இக்கணக்கைக் கவனிக்கவேண்டும். அரைக் கிலோ கடலைப் பிண்ணாக்கும் சேர்ந்தால் மேலும் 200 கிராம் கிடைத்து ஏழரைக்கு ஏறிவிடும். பிண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்திருந்தால் கொடுக்கலாகாது. அதற்கு அஞ்சித் தவிட்டையே அள்ளிக் கொட்டுவதும் தவறு. எண்ணெய் மிகுந்தால் நாரைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தளர்ந்துவிடும்.

தவிட்டில் பாஸ்வரம் மிகுதி, சுண்ணச்சத்து சொற்பம். வைக்கோலின் சுண்ணச்சத்தோ எளிதில் உடலில் சேர்வதில்லை. எனவே தாது உப்புக் கலவையும் சிறிது கறியுப்பும் தினந்தோறும் கலந்து வைக்கவேண்டும். புதுத் தீனியைக் கைப்பிடியளவில் தொடங்கி, ஒரு வாரம் பத்து நாட்களில் முழு அளவுக்குக் கொண்டுவருக. சினைப்பசுவுக்குக் கடைசி இரண்டு மாதங்களில் தவிடும் பிண்ணாக்குமாக ஒரு கிலோ கூடுதலாக வேண்டும்; கன்று ஈன்ற பின் கவனித்துக்கொள்ளலாம் என்று அதைத் தள்ளிப்போடலாகாது.