மழைநீர் மாந்தும் ஆமை

ஆமை என்றதும் நம்மவர் நினைவிலெழுவன கடலாமையும் குளத்தாமையுமே. இரண்டுக்கும் இடைப்பட்டு, ஆறும் கடலும் கலக்கும் உவர்நீரையே உறைவிடமாகக் கொண்ட ஓர் ஆமை அமெரிக்காவில் உண்டு. மசசூசெற்ஸ் முதல் ரெக்சாஸ் வரையுள்ள கரையோரச் சேற்றுப் புல்வெளிகளில் அது வாழ்கின்றது. ஓட்டிலுள்ள கோலங்களால் 'வைரமுதுகு ஆமை' எனப் பெயர் பெற்றது.

உப்புக்கு நடுவே அது தாகந் தீர்ப்பது எங்ஙனம்? கண்ணருகேயுள்ள சுரப்பி மிகையுப்பை வெளியேற்றுகின்றது. அதனினும் என்னை வியப்பில் ஆழ்த்தியது பிறிதொன்று. மழை பெய்ததும் பாலின்மேல் ஏடுபோல, உவர்நீரின்மேல் நன்னீர் மெல்லிதாகப் படியுமன்றோ? கழுத்தை நீட்டி அம்மேல்நீரை மட்டும் அது உறிஞ்சிக்கொள்ளும்!

வளர்ப்போர் இவ்வியல்பை மறத்தலாகாது. நன்னீரிலேயே நெடுநாள் இட்டுவைத்தால் தோலும் ஓடும் நோயுறக்கூடும். சற்றே உப்பிட்ட நீரும், வெயில்காய உலர்ந்த மேடையும், நத்தை, நண்டு முதலிய இரையும் வேண்டும். சிறிய ஆணைக் கண்டு சிறு தொட்டி வாங்குதல் பேதைமை என்பேன். பெண் அதனினும் மிகப் பெரிதாய் வளரும்.

நூறாண்டுகளுக்கு முன் செல்வர் விருந்துகளில் இவ்வாமைச்சாறு ஷெரி மது சேர்த்துப் பரிமாறப்பட்டது. 1920இல் மதுவிலக்கு வந்தபின் அச்சுவை மங்கியது. மேரிலாந்து மாநிலம் 2007இல் வணிகத்துக்காகப் பிடிப்பதைத் தடைசெய்தது. இன்றோ நண்டுக்கூடுகளே அதற்குக் கூற்றுவன். இரைதேடி உள்ளே புகும் ஆமை, மூச்செடுக்க மேலே வரமாட்டாது மடிகின்றது. கூட்டின் வாயிலிற் சிறு சட்டமொன்றைப் பொருத்தினால் நண்டு நுழையும், பெரிய ஆமை நுழையாது. சிறிய ஆண்களிற் சில அப்பொழுதும் நுழைந்துவிடுகின்றன.