பழைய அட்டையில் ஒரு செஞ்சிக் கோட்டை

முகலாயர், மராத்தியர் பாடங்களை நடத்தும்போது ஏழாம் வகுப்பில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "அவ்வளவு பெரிய படை, ஒரே ஒரு கோட்டையைப் பிடிக்க எட்டு வருஷமா சார்?" 1690இல் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் செஞ்சியை முற்றுகையிட்டார். உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698இல்தான். காரணங்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். செஞ்சியின் நிலத்தை மேசைமேல் அமைத்து, அதில் முற்றுகையை விளையாடவிட்டால் காரணங்களை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

மேசைமேல் நிலம் அமைத்துப் போரை ஆராயும் வழக்கம் பழையது. 1812இல் ரைஸ்விட்ஸ் என்பவர், நிலத்துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கக்கூடிய ஒரு மேசையைப் பிரஷ்ய மன்னருக்குச் செய்து கொடுத்தார். அவர் மகன் 1824இல் அதை 1:8,000 அளவையுள்ள வரைபடங்களில் ஆடும் பயிற்சியாக மாற்றினார். எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட 'லிட்டில் வார்ஸ்' நூலில் மரக்கட்டைகளையும் செடிக்குச்சிகளையும் கொண்டே களம் அமைத்தார். நமக்கு மளிகைக்கடை அட்டைப்பெட்டி போதும்.

முதலில் அளவை

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 நிலவரைபடத்தில் சமஉயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் இருக்கும். அதை 20 மடங்கு பெரிதாக்கினால் 1:2,500. அதாவது 1 செ.மீ. என்பது 25 மீட்டர். 120 செ.மீ. நீளம், 90 செ.மீ. அகலமுள்ள மேசையில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளும் அடங்கிவிடும்.

பெரிதாக்க இயந்திரம் தேவையில்லை. வரைபடத்தில் 5 மி.மீ. கட்டங்களும், அட்டையில் 10 செ.மீ. கட்டங்களும் போடச் சொல்லுங்கள். கட்டத்துக்குக் கட்டம் பார்த்துக் கோடுகளை வரைந்துவிடுவார்கள். விகிதம் என்ற கணக்குப் பாடமும் இதிலேயே நடந்துவிடும்.

அடுக்குதல்

20 மீட்டர் உயரம் நம் அளவையில் 8 மி.மீ. ஐந்தடுக்கு அட்டை ஏறத்தாழ 5 மி.மீ., மூன்றடுக்கு அட்டை ஏறத்தாழ 3 மி.மீ. தடிமன் இருக்கும். ஒவ்வொரு சமஉயரக் கோட்டுக்கும் இரண்டிலும் ஒவ்வொன்று வெட்டி ஒட்டினால் ஒரு படி. தடித்த அட்டையை ஆசிரியரே கத்தியால் வெட்டுவது நல்லது. அட்டைக்குள் இருக்கும் நெளிவுகள் ஓர் அடுக்கில் நீளவாக்கிலும் அடுத்ததில் குறுக்குவாக்கிலும் அமையட்டும், குன்று வளையாது. அடித்தள அட்டையின் இரு பக்கமும் காகிதம் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் காய்ந்ததும் அப்பளம்போல் வளைந்துகொள்ளும்.

படிகளின்மேல் செய்தித்தாள் கீற்றுகளை மைதாப் பசையில் தோய்த்து இரண்டு சுற்று ஒட்டி, ஒவ்வொரு சுற்றையும் நன்கு காயவிடுங்கள். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். பாதிப் படிகளை மூடாமல் விட்டால் சமஉயரக் கோடு கண்ணுக்குத் தெரியும்; புவியியல் பாடத்துக்கும் ஆகும்.

செஞ்சிக் குன்றுகள் பாறைக் குவியல்கள். சலித்த ஜல்லித் துகளைப் பெவிகால் தடவித் தூவினால் அந்தத் தோற்றம் வந்துவிடும். மரத்தூளில் பச்சை போஸ்டர் கலரைப் பிசைந்து உலர்த்தினால் புதர்க்காடு. பெரிய மரங்கள் வேண்டாம். 10 மீட்டர் மரமே இங்கு 4 மி.மீ.தான். மதில்களுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கீற்றுகளாக வெட்டிக்கொள்ளலாம். ராஜகிரி உச்சிக்குச் சற்றுமுன் உள்ள ஆழமான பிளவையும், அதன் குறுக்கே ஒரு சிறு பாலத்தையும் மறக்காமல் அமையுங்கள். தெர்மாகோலைத் தவிர்த்துவிடலாம், உதிர்ந்து குப்பையாகும், ஸ்பிரே பெயின்ட் பட்டால் கரைந்துபோகும். காசு கொடுத்து வாங்க வேண்டியவை பெவிகால், மைதா, மூன்று புட்டி போஸ்டர் கலர் மட்டுமே.

முற்றுகை ஆட்டம்

முகலாயருக்கு 8 சட்டைப் பொத்தான்கள், கோட்டைக்காரர்களுக்கு 4, வெளியே சுற்றும் மராத்தியக் குதிரைப்படைக்கு 2. சமவெளியில் ஒரு முறைக்கு 10 செ.மீ. நகரலாம், குன்றில் ஒரு படி மட்டும் ஏறலாம். இரு காய்கள் மோதினால் தாயக்கட்டை. மேட்டில் இருப்பவருக்கு ஓர் எண் கூடுதல். ஒரு முகலாயக் காய் தன் இருபுறமும் 8 செ.மீ. வரை காவல் காக்கும். காவலில்லாத இடைவெளி இருந்தால், முறைக்கு ஒரு புளியங்கொட்டை கோட்டைக்குள் போகும். அதுதான் தானியம். கோட்டையின் ஒவ்வொரு காயும் முறைக்கு கால் கொட்டை தின்னும்.

என் வகுப்பில் முகலாய அணியினர் முதலில் உச்சியைத் தாக்கித் தோற்றார்கள். பிறகு பட்டினி போடப் பார்த்தார்கள். கோட்டையைச் சுற்றி நூல் வைத்து அளந்தபோது 8 காய்களின் காவல் போதவில்லை. "சார், இது ஒரு கோட்டை இல்ல, மூணு கோட்டை" என்றாள் ஒரு மாணவி. காய்களைப் பரப்பி வைத்தபோது குதிரைப்படை வந்து ஒவ்வொன்றாக அடித்தது. சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் உண்மையில் செய்தது அதைத்தான். 1693இல் சுல்பிகர் கான் முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்ததை அதன்பின் சொன்னபோது, யாரும் வியக்கவில்லை, தலையசைத்தார்கள்.

அடுத்த வகுப்பில் இன்னொரு கேள்வியைப் போடுங்கள். 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை இதே கோட்டையை ஒரே இரவில் பிடித்தது எப்படி? அப்போது உள்ளே இருந்தது, சற்றுமுன் வெளியே தோற்று ஓடிவந்த படை. தாக்குதல் மூன்று குன்றுகளின்மீதும் இருளில் ஒருங்கே நடந்தது. விதிகளை அதற்கேற்ப மாற்றி ஆடச் செய்யுங்கள். மலையும் மதிலும் மட்டுமே கோட்டையைக் காப்பதில்லை, உள்ளே நிற்பவர்களின் மனத்திடமும் வேண்டும் என்பதை நாம் சொல்ல வேண்டியிருக்காது.

2025இல் மராத்தியரின் 12 கோட்டைகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி மட்டுமே. அங்கே சுற்றுலா அழைத்துச் செல்லும் பள்ளிகள் போவதற்கு முந்தைய வாரம் இதைச் செய்யலாம். உங்கள் ஊருக்கு அருகில் வேறு கோட்டை இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். குன்றுகளை அடித்தளத்தோடு ஒட்டாமல் தனித்தனியாக வைத்தால் பீரோவின் மேல்தட்டில் அடங்கிவிடும். அடுத்த ஆண்டு மாணவர்களுக்கும் உதவும்.