தீயிலும் அறுபடாத மின்சாரம்: எம்.ஐ. கேபிள் எங்கே தேவை, எங்கே வேண்டாம்?

டெல்லி உபஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் உயிரிழந்தார்கள். தரைத்தளத்து மின்மாற்றியில் பற்றிய தீயின் புகை மேலேறி, பால்கனியில் இருந்தவர்களை மூச்சுத்திணறச் செய்தது. தீ என்றதும் மெயினை அணைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால், சில இணைப்புகளில் அந்த நேரத்தில்தான் மின்சாரம் ஓடியாக வேண்டும். அவசர விளக்கு, அபாய மணி, புகையை இழுத்து வெளியேற்றும் விசிறி, தீயணைப்பு பம்பு ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

வீடுகளில் ஓடும் சாதாரண பிவிசி வயர் இதற்கு உதவாது. அதன் உறை 70 டிகிரி செல்சியஸ் வரைக்குமானது. தீயில் உருகிக் கம்பிகள் ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆகிவிடும். எரியும் பிவிசியிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும். தீயிலும் அறுபடக் கூடாத இணைப்புகளுக்காகவே இருப்பது ‘மினரல் இன்சுலேட்டட் கேபிள்’, சுருக்கமாக எம்.ஐ. கேபிள்.

உள்ளே என்ன இருக்கிறது?

செம்புக் குழாய்க்குள் செம்புக் கம்பிகள். இடையில் இறுகக் கெட்டித்த மக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைத் தூள். அவ்வளவுதான். பிளாஸ்டிக்கோ ரப்பரோ இல்லாததால் எரிவதற்கும் புகைவதற்கும் இதில் எதுவும் இல்லை. செம்பு உருக ஏறத்தாழ 1,085 டிகிரி வேண்டும். மக்னீசியம் ஆக்சைடு உருக 2,800 டிகிரி வேண்டும். தீயைத் தாங்கும் கேபிள்களுக்கான பிரிட்டனின் பி.எஸ். 6387 தரத்தில், 950 டிகிரி சுடரில் 3 மணி நேரம் மின்சாரம் அறுபடாமல் ஓட வேண்டும் என்பது ஒரு சோதனை.

இந்தத் தூள் நமக்குப் புதிதல்ல. வெந்நீர் போடும் ஹீட்டர் ராடின் உலோகக் குழாய்க்குள், சூடாகும் கம்பியைச் சுற்றி அடைத்திருப்பதும் இதே மக்னீசியம் ஆக்சைடுதான். வெப்பத்தை வெளியே விடும், மின்சாரத்தை விடாது.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அர்னால்டு ஃபிரான்சுவா போரெல் 1896இல் இவ்வகைக் கேபிளுக்குக் காப்புரிமை பெற்றார். பிரான்ஸில் 1932இல் வணிக உற்பத்தி தொடங்கியது. லூவ்ர் அருங்காட்சியகமும் நார்மண்டி பயணிகள் கப்பலும் இதை முதலில் பயன்படுத்திய இடங்களில் அடங்கும். இங்கிலாந்தில் 1937இல் பைரோடெனாக்ஸ் நிறுவனம் தயாரிக்கத் தொடங்கியது. அங்குள்ள எலக்ட்ரீஷியன்கள் இன்றும் இதைச் சுருக்கமாக ‘பைரோ’ என்றே சொல்கிறார்கள். பழைய தேவாலயங்கள், எண்ணெய் ஆலைகள், உலைக்கூடங்கள் என இதன் பயன்பாடு பரவியது. கேபிள் ஒல்லியானது என்பதால் பழங்காலச் சுவரில் கண்ணை உறுத்தாமல் ஓடும். செம்பு உறையையே எர்த் இணைப்பாகவும் பயன்படுத்தலாம். வெயிலில் வெடிக்கும், வயதானால் நொறுங்கும் என்ற கவலை அந்தத் தூளுக்கு இல்லை.

வெட்டிய முனையில்தான் சிக்கல்

இத்தனை வலிமைக்கும் ஒரு பலவீனம் உண்டு. மக்னீசியம் ஆக்சைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் மின்சாரம் கசியும். அதனால் கேபிளை வெட்டியவுடன் முனையை அடைத்தாக வேண்டும். எலக்ட்ரீஷியன் முதலில் செம்பு உறையைச் சீவி எடுத்து, தூளைத் தட்டிவிட்டுக் கம்பிகளை வெளியே கொண்டுவருகிறார். உறையின் மேல் சிறிய பித்தளைக் கிண்ணத்தைத் திருகி, அதற்குள் அடைப்புப் பசையை நிரப்பி மூடி அழுத்துகிறார். பிறகு காப்புத்திறனை அளக்கும் மெக்கர் கருவியை வைத்துக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கிறார். அந்த அளவு குறைந்தால் எல்லாவற்றையும் பிரித்து, ஈரம் ஏறிய பகுதியை வெட்டிவிட்டோ, சுடர் காட்டி ஈரத்தை முனை வழியாக விரட்டியோ மறுபடி தொடங்க வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்த சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இந்த வேலையில் அவசரம் கூடவே கூடாது.

வேறு குறைகளும் உண்டு. விலை அதிகம், முனை கட்டத் தெரிந்த கைகள் குறைவு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தாலோ, மோட்டாரின் அதிர்வு இடைவிடாமல் தாக்கினாலோ செம்பு இறுகி விரிசல் விடும். மோட்டார் நிற்கும்போது சட்டென்று எகிறும் மின்னழுத்தம் தூள் காப்பைத் துளைத்துவிடலாம். அங்கே அதை அடக்கும் சாதனம் வேண்டும். வழக்கமான வகைகள் 500, 750 வோல்ட் அளவோடு நின்றுவிடுகின்றன. செம்பை அரிக்கும் இடங்களில் மேலே இன்னோர் உறையும் போட வேண்டியிருக்கும்.

தீயைத் தடுப்பதும் இந்தக் கேபிளின் வேலையல்ல. நார்மண்டி கப்பலே 1942இல் நியூயார்க் துறைமுகத்தில் வெல்டிங் பொறி பட்டு எரிந்துபோனது. தீக்கு நடுவிலும் மின்சாரத்தைக் கொண்டுசேர்ப்பது மட்டுமே கேபிளின் பொறுப்பு.

எதற்குப் போடலாம்?

வீட்டு ஃபேனுக்கும் லைட்டுக்கும் எம்.ஐ. கேபிள் வீண்செலவு. எளிய அபாய மணி இணைப்புகளுக்கு, தீயைத் தாங்கும் மைக்கா டேப் சுற்றிய கேபிளே பல இடங்களில் போதும். முனை கட்டுவதும் சுலபம். ஆனால், மருத்துவமனை, திரையரங்கு, உயரமான குடியிருப்பு போன்ற இடங்களில் தீயணைப்பு பம்புக்கும் புகை விசிறிக்கும் செல்லும் பிரதான இணைப்பில் சிக்கனம் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

அடுக்குமாடியில் வீடு வாங்குபவர்களும் குடியிருப்போர் சங்கத்தினரும் இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். தீப்பிடித்தால் பம்புக்கு மின்சாரம் எந்தக் கேபிளில் வரும்? அந்தக் கேபிளைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? பதிலை வாய்வார்த்தையாக ஏற்காமல், தரச் சான்றிதழோடும் சோதனை அளவுகளோடும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.