நீர்வழி வரைந்த ஊர்: புதுச்சேரியின் நிலத்தோற்றக் கலை

ஒரு நகரத்தில் மழைநீர் எந்த வழியாக ஓட வேண்டும், நடப்பவர் தலைமேல் எங்கே நிழல் விழ வேண்டும், எந்த இடத்தைக் கட்டாமல் விட்டுவைக்க வேண்டும் என்று தீர்மானிப்பது நகர நிலத்தோற்றக் கலை. பூச்செடியும் புல்தரையும் வண்ண விளக்கும் அதன் கடைசி வேலைகள். அவற்றையே முதல் வேலையாகச் செய்த ஊர்கள் முதல் பெருமழையில் தவித்துப்போகின்றன.

இதைத் தனித் தொழிலாக நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான ஃபிரெடரிக் லா ஓல்ம்ஸ்டெட். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்குக்கு அவரும் கால்வர்ட் வாக்ஸும் 1858இல் வடிவம் தந்தார்கள். நூறாண்டுக்கும் மேல் கழித்து, 1969இல், இயன் மக்ஹார்க் இத்துறையின் சிந்தனையையே திருப்பினார். மண், சரிவு, நீரோட்டம், தாவரம் ஒவ்வொன்றுக்கும் தனி வரைபடம் போட்டு, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்த பிறகே எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று சொல்ல வேண்டும் என்பது அவர் காட்டிய முறை. தமிழ் வாசகருக்கு இந்த வரிசை புதிதல்ல. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. மரமும் பறவையும் நீரும் தொழிலும் அந்த நிலத்தில் பிறக்கும் கருப்பொருள். மனித உணர்வு அதற்குப் பிறகு. அது கவிதைக்கு வகுத்த இலக்கணம், ஊர் அமைக்க வகுத்தது அன்று. ஆனாலும் நிலத்தை முதலில் வைக்கும் அந்தப் பார்வை நகரத்துக்கும் பொருந்தும்.

புதுச்சேரியில் கிழக்கே நெய்தல், மேற்கே ஏரிப்பாசன மருதம். இரண்டுக்கும் நடுவில் நகரம். பிரெஞ்சு நகரம் என்று எல்லோரும் அழைத்தாலும் அதன் நேர்கோட்டு வீதிகளுக்கு முதல் கோடு போட்டவர்கள் டச்சுக்காரர்கள். 1674இல் பிரெஞ்சுக்காரர் இங்கே குடியேறினார்கள். 1693இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் 1699இல் திருப்பித் தரும் வரை ஆறாண்டுகள் ஆண்டார்கள். வீதிகள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் அவர்களுடைய திட்டம் 1694ஆம் ஆண்டு வரைபடத்தில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் அந்தக் கட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். மதில் போய்விட்டது, அது ஓடிய முட்டை வடிவத் தடம் மட்டும் புல்வார் சாலைகளாக நின்றுவிட்டது. இன்றைய அண்ணா சாலை, சுப்பையா சாலை, படேல் சாலை, கடற்கரைச் சாலை நான்கும் அந்தச் சுற்றுதான்.

கட்டத்தின் நடுவே வடக்கு தெற்காக ஓடுகிறது பெரிய வாய்க்கால். கடலோர மணல்மேட்டுக்குப் பின்னே தாழ்ந்து கிடந்த நிலத்தில், ஊரின் மழைநீரைச் சேர்த்து வெளியேற்ற அமைந்த வடிகால் அது. குடியேற்ற ஆட்சி அதற்கு இன்னொரு வேலையும் கொடுத்தது. கிழக்கே ஐரோப்பியரின் வெள்ளை நகரம், மேற்கே தமிழரின் கறுப்பு நகரம் என்று பிரிக்கும் எல்லைக்கோடும் அதுவே ஆயிற்று. நிலத்தின் தாழ்வை மனிதரின் ஏற்றத்தாழ்வுக்கு அளவுகோலாக்கியது அந்தத் திட்டம். இதைச் சொல்லாமல் புதுச்சேரியின் அழகைப் பற்றிப் பேசுவது சரியாகாது.

இரு பகுதிகளும் வெயிலை எதிர்கொண்ட விதம் வேறு. கிழக்கே வீடுகள் உயர்ந்த மதிலுக்குள் ஒதுங்கிக்கொண்டன. தோட்டமும் முற்றமும் உள்ளே இருந்தன. வீதிக்குக் கிடைத்தது மதில்மேல் வழியும் காகிதப்பூவும் மரக்கிளையும்தான். மேற்கே தமிழ் வீதிகளில் வீடே வீதிக்கு நிழல் தந்தது. திண்ணைக்கு முன்னால் மரத்தூண்களில் நின்ற ஓட்டுத் தாழ்வாரம் வீட்டுக்கு வீடு தொடர்ந்ததால், வழிப்போக்கர் வெயில் படாமல் வீதி முழுக்க நடக்க முடிந்தது. தனியார் வீட்டின் கூரை பொது நடைபாதைக்குக் குடையாகும் இந்த ஏற்பாட்டுக்கு ஈடான ஒன்றை இன்றைய நகர வடிவமைப்பாளர்களும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இன்று பெரும்பாலான வீதிகளில் தாழ்வாரம் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் வண்டிகள் நிற்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்கும் அரசும் சேர்ந்து வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகளைப் புதுப்பித்தன. 2008இல் அந்தப் பணி யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதைப் பெற்றது.

ஊரின் நடுவிலிருக்கும் பசுமை ஓர் அழிவிலிருந்து பிறந்தது. 1761இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்துக் கோட்டையையும் வீடுகளையும் தரைமட்டமாக்கினார்கள். திரும்ப ஊரைக் கட்டியபோது கோட்டை நின்ற பகுதி திறந்த வெளியாக விடப்பட்டது. இன்றைய பாரதி பூங்கா அங்கேதான் இருக்கிறது. ஆளுநர் மாளிகையும் சட்டப்பேரவையும் அரசு மருத்துவமனையும் அதைச் சுற்றியுள்ளன. நடுவில் வெள்ளை நிற ஆயி மண்டபம். பூங்காவின் பாதைகள் அதை நோக்கி வருகின்றன. நடுவில் ஒரு கட்டடம், அதை நோக்கி நேர்ப்பாதைகள், இருபுறமும் ஒத்த அமைப்பு என்பது பதினேழாம் நூற்றாண்டில் வெர்சாய் தோட்டத்தை அமைத்த ஆந்த்ரே லெ நோத்ர் வழிவந்த பிரெஞ்சு மரபு.

வடிவம் பிரெஞ்சு என்றாலும் மண்டபம் நினைவுகூர்வது ஒரு தமிழ்ப் பெண்ணையும் ஒரு குளத்தையும். ஆயி என்ற தாசியின் ஒளிவீசும் மாளிகையைக் கோயில் என்று எண்ணி அரசன் கும்பிட்டுவிட்டானாம். உண்மை தெரிந்ததும் சினந்து அதை இடிக்கச் சொல்ல, ஆயி தானே இடித்து அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் என்கிறது கதை. அந்த அரசன் கிருஷ்ணதேவராயர் என்பார்கள். அந்தக் குளம் இருந்ததாகச் சொல்லப்படும் முத்திரையர்பாளையத்து நீரைப் பொறியாளர் லமைரெஸ் 1863இல் நகரத்துக்குக் கொண்டுவந்தார். அதன் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்த மண்டபம் ஆயியின் பெயரைத் தாங்கியது. நகரின் நடு அடையாளமாக ஒரு தண்ணீர் வழங்கலின் நினைவை நிறுத்தியிருப்பது, இந்த ஊர் எதை நம்பி வாழ்ந்தது என்பதைக் காட்டுகிறது.

தாவரவியல் பூங்கா இன்னொரு வகை. 1826இல் தொடங்கிய அது உலாவுவதற்கு மட்டும் அமைந்ததன்று. வேற்றுநாட்டுப் பயிர்களும் மரங்களும் இந்த மண்ணில் பிடிக்குமா என்று சோதிக்கும் களமாகவும் இருந்தது. தாவரவியலாளர் பெரோத்தே அதை வளர்த்தெடுத்தார்.

புல்வாருக்கு வெளியே இருப்பது இவை எல்லாவற்றையும்விடப் பழைய நிலத்தோற்றம். புதுச்சேரி வட்டாரத்தில் 84 ஏரிகள் இருந்தன. சங்கராபரணி ஆற்று நீரை வாய்க்கால் வழியே ஊசுடு ஏரி வாங்கிக்கொண்டது. தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்கு நீர் கொண்டுவந்தது. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு நீர் இறங்கும். வரைபலகை இல்லாமல் விவசாயிகள் பல நூற்றாண்டுகளில் அமைத்த இந்தச் சங்கிலிதான், மக்ஹார்க் சொன்ன பொருளில், இவ்வட்டாரத்தின் மிகச் சிறந்த நிலத்தோற்றப் படைப்பு. 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு தொடங்கிய திட்டம் இந்த ஏரிகளைச் சீரமைத்தது. ஊசுடு ஏரி 2008இல் பறவைகள் சரணாலயமானது.

ஆனால் நகரம் மேற்கே பரவிய வேகத்தில் ஏரிகளுக்கிடையிலான வாய்க்கால்களும் தாழ்வான வயல்களும் மனைகளாகிவிட்டன. ஏரி தப்பினாலும் அதற்கு வரும் வழியும் போகும் வழியும் அடைபட்டால் நீர் வீட்டுக்குள்தான் வரும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து அப்படியே நின்றுவிட்டது. 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரெயின்போ நகரும் கிருஷ்ணா நகரும் நீரில் மூழ்கின. மக்களை மீட்க ராணுவம் வந்தது.

நகர நிலத்தோற்றக் கலைக்கு இனி இங்கே இருக்கும் முதல் வேலை இந்த நீர்வழிகள்தான். பெரிய வாய்க்காலையே எடுத்துக்கொள்ளலாம். கழிவுநீர் கலந்து நாறும் அதை மூடிவிட்டு மேலே வண்டி நிறுத்தலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் மூடிய வாய்க்காலைத் தூர்வாருவது கடினம். வெள்ளத்தில் அதற்குக் கொள்ளளவும் இருக்காது. பாஸ்டன் நகரில் இதே போலச் சாக்கடை தேங்கிய உப்பங்கழியை 1870களின் கடைசியில் தொடங்கி ஓல்ம்ஸ்டெட் வெள்ளநீர் தாங்கும் பூங்காவாக்கினார். சிங்கப்பூரின் பீஷான் ஆங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நேரான கான்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்தோடும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். மழை பெய்தால் ஆறு பூங்காவுக்குள் விரியும். மழை விட்டதும் புல்வெளி திரும்பும். பெரிய வாய்க்காலுக்கு அவ்வளவு அகலம் இல்லை. ஆனால் கழிவுநீரைப் பிரித்து, கரையில் மரம் வைத்து, திறந்தே வைத்திருக்க முடியும்.

கடற்கரையில் பாடம் வேறு விதமாகக் கிடைத்தது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுக அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கிலிருந்து வடக்கே ஆண்டுதோறும் நகரும் மணல் அங்கே தடைபட்டது. நகரின் முன்னிருந்த மணற்பரப்பு கரைந்தது. அதைத் தடுக்கக் கருங்கல் கொட்டியதும் அரிப்பு வடக்கே மீனவர் குப்பங்களுக்கு நகர்ந்தது. 2018இல் தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவத் தடுப்பொன்றை மூழ்கவைத்தது. அலையின் வேகம் குறைந்து மணல் படிந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு மக்கள் அங்கே மணலில் கால் வைத்தார்கள்.

பக்கத்திலேயே இன்னொரு சோதனை நடக்கிறது. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அது மழைக்கு மழை செம்மண் கரைந்து கடலுக்கு ஓடிய பொட்டல் மேடு. குடியேறியவர்கள் முதலில் வரப்புகள் போட்டு மழைநீரை நிறுத்தினார்கள். பிறகு மரம் நட்டார்கள். காடு எழுந்தது. கட்டடக் கலைஞர் ரோஜே ஆஞ்சே வரைந்த சுருள் வடிவ நகரத் திட்டத்தின் வட்டச் சாலைக்காக 2021 டிசம்பரில் அந்த மரங்களில் சில வெட்டப்பட்டபோது குடியிருப்போர் இரண்டாகப் பிரிந்தார்கள். வழக்கு பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. பணியைக் கட்டுப்படுத்திய அதன் ஆணையை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் நீக்கியது. தாளில் முதலில் போட்ட கோட்டை நிலத்தில் அப்படியே இறக்குவதா, ஐம்பது ஆண்டுகளில் அந்த நிலத்தில் வளர்ந்ததைப் பார்த்துக் கோட்டை வளைப்பதா என்பதில் அங்கே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.